‘இலங்கைக் கீத’மும் அதன் விமர்சகர்களும்: புத்தளக் கரையோரத்திலிருந்து ஒரு நோக்கு

ஒரு நாட்டின் ஆன்மாவைப் படம்பிடித்துக் காட்டியது எனப் போற்றப்படும் விவரணப் படமொன்றை ஆராய்வோர், அப்படம் அந்நாட்டை எவ்வாறு நோக்கிற்று என்று மட்டும் கேட்டு நின்றுவிடுதல் போதாது. அப்படத்தை விமர்சகர்கள் எவ்வாறு நோக்கினர் என்பதும் அதேயளவு ஆராய்ச்சிக்குரியது. ஏனெனில் படம் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அதனைப் பற்றி எழுதப்பட்டவையோ தலைமுறை தலைமுறையாக நின்று, பின்வருவோர் எதைக் காண வேண்டும், எதைக் காணாதுவிடலாம் என்பதைத் தீர்மானிக்கின்றன. பஸில் றைற் 1934 இல் எடுத்த ‘சோங் ஒவ் சிலோன்’ என்னும் படத்தின் வரலாறு இவ்வகையிலே நமக்குப் பெரிதும் பயன்படுவது. ‘இலங்கைக் கீதம்’ என இக்கட்டுரையில் அதனைக் குறிப்பிடுவோம். தேசிய அடையாளம் என்பதைப் பொருளாகக் கொண்டு இன்று தொலைக்காட்சியில் காட்டப்பெறும் விவரணப் படங்கள் பலவற்றுக்கும், அவற்றைப் பற்றிப் பத்திரிகைகளில் வெளிவரும் மதிப்புரைகளுக்கும் மூலப்படிவம் இங்கேதான் உள்ளது என்பது நமது கருத்து. அக்காலத்திலே தொலைக்காட்சி இல்லை. இன்றைய தொலைக்காட்சி விமர்சகர் செய்யும் பணியை அன்று வாரப் பத்திரிகையின் திரை விமர்சகரே செய்தார்.

இப்படத்தை நாம் புத்தள மாவட்டத்தின் கரையோரத்தில் நின்று நோக்க முற்படுகின்றோம். படத்தின் முக்கிய காட்சிகள் இங்கு எடுக்கப்பட்டவை என்பதனால் அன்று. சிவனொளிபாத மலையும் பொலனறுவைக் கல்விகாரையும் கண்டி நடனமுமே படத்தின் உயிர்நிலைகள். எனினும், கொச்சிக்கடைக்கு வடக்கே சிலாபம், உடப்பு, முந்தல், புத்தளம், கற்பிட்டி என நீளும் இந்நிலப்பரப்பிலே, ‘இலங்கைத் தேசம்’ பற்றிய வாய்பாடுகள் எதுவும் முழுமையாகப் பொருந்துவதில்லை. பொருந்தாத இடத்தில் நின்று பார்க்கும்போதே ஒரு வாய்பாட்டின் அளவு தெரியவரும்.

முதலிலே படம் யாருடைய பணத்தில் உருவாயிற்று என்பதைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். 1926 இல் நிறுவப்பட்ட பேரரசுச் சந்தைப்படுத்தற் சபையின் செயலாளராக விளங்கிய ஸ்ரீபன் ரலன்ற்ஸ், 1932 இல் ‘இங்கிலாந்தைக் காட்சிப்படுத்தல்’ என்னும் பொருள்பட ஒரு சிறு நூல் வெளியிட்டார். உலகச் சந்தையில் முதன்மையிழந்து வந்த ஓர் ஏகாதிபத்தியம், தனது பொருள்களை மட்டுமன்றித் தனது உருவத்தையும் விற்பனை செய்ய வேண்டியதாயிற்று என்பதே அந்நூலின் வரலாற்றுப் பொருள். ஜோன் கிறியேர்சனின் தலைமையில் அச்சபையில் இயங்கிய திரைப்படப் பிரிவே பிரித்தானிய விவரணப் பட இயக்கத்தின் தொட்டில். 1933 இல் சபை கலைக்கப்பட, அப்பிரிவு தபாற் திணைக்களத்துக்கு மாற்றப்பட்டது. இலங்கைத் தேயிலைப் பிரசார சபை தேயிலை விளம்பரத்தின் பொருட்டு நான்கு குறும்படங்களைக் கேட்டது. 1934 இன் தொடக்கத்தில் றைற் இலங்கைக்கு வந்தார். கேட்கப்பட்ட நான்கு துண்டுகளும் ஏறத்தாழ நாற்பது நிமிட நேரத்துக்கு ஓடும் ஒரே படமாக, நான்கு பாகங்களாக உருப்பெற்றன. புத்தர், கன்னித்தீவு, வணிகத்தின் குரல்கள், ஒரு கடவுளின் ஆடையணி என்பன அவற்றின் தலைப்புகளின் பொருள். வோல்ரர் லீ இசையமைத்தார். ஒலி இலண்டனிலே சேர்க்கப்பட்டது. அதன்பொருட்டுக் கண்டி ஆட்டக் கலைஞர் இலண்டனுக்கு அழைத்துச் செல்லப்பட்டனர்.

படத்தின் வர்ணனை, கண்டி இராச்சியத்தில் 1660 முதல் 1679 வரை சிறைப்பட்டிருந்த ஆங்கிலேய மாலுமி றொபேட் நொக்ஸ் 1681 இல் வெளியிட்ட நூலிலிருந்து எடுக்கப்பட்டது. அதனை வாசித்தவர் கொழும்பைச் சேர்ந்த பறங்கியரான லயனல் வென்ற். சிறந்த பியானோக் கலைஞர். இலங்கை ஈன்ற ஒளிப்படக் கலைஞருள் முதல்வர் எனத்தக்கவர். இவ்வாறு, ஓர் ஆங்கிலக் கைதியின் சொற்களை ஒரு பறங்கியரின் குரல் ஆங்கிலத்தில் உரைக்க, தோட்டத்துரைமாரின் பணத்தில் சிங்கள நாட்டின் கீதம் பிறந்தது. இதனை நாம் ஏளனமாகக் கூறவில்லை. தேசியப் படிமங்கள் யாவும் இத்தகைய கூட்டுத் தயாரிப்புகளே. அவை மண்ணிலிருந்து தாமாக முளைப்பதில்லை என்பதே இங்கு கருதத்தக்கது.

1935 இல் பிரசல்ஸ் திரைப்பட விழாவில் படம் பரிசு பெற்றது. அவ்வாண்டு ஒக்ரோபரில் நாவலாசிரியர் கிரஹாம் கிறீன் ‘ஸ்பெக்ரேற்றர்’ வார இதழில் எழுதிய மதிப்புரை, இப்படத்தின் பிற்கால நற்பெயருக்கு அத்திவாரமாயிற்று. கிறீன் சாதாரண விமர்சகர் அல்லர். அக்காலத்து வணிகப் படங்களின் போலிமையைத் தயவுதாட்சணியமின்றித் தாக்கியவர். அவர் இப்படத்தின் கட்டுக்கோப்பையும் படத்தொகுப்பையும் குறையற்றவையெனக் கண்டார். மலையுச்சியில் ஒலிக்கும் மணியோசையும், அதனால் வெருண்டெழும் பறவையின் பறப்பும், அதனைத் தொடர்ந்து விரியும் நிலக்காட்சிகளும் ஒன்றிணையும் இடத்தைத் தாம் திரையிற் கண்ட மிக அழகிய உருவகங்களுள் ஒன்றாகப் பாராட்டினார்.

பாராட்டு நியாயமானது. இப்படத்தின் அழகை மறுத்துவிட்டு அதன் அரசியலைக் கண்டிப்பது எளிதாயினும் அது விமர்சனமாகாது. நம்மவருள் சிலர் ‘காலனித்துவப் பிரசாரம்’ என்ற ஒரு தொடரோடு படத்தைத் தட்டிக்கழித்துவிடுவதுண்டு. பிரசாரம் என்பது உண்மையே. ஆயினும் அப்பிரசாரம் ஏன் கீதமாக ஒலிக்கின்றது என்பதற்கு அத்தொடர் விடை தராது. கிறீனின் மதிப்புரையிலே நாம் குறைகாண்பது வேறு வகையில். பறவையின் பறப்பை அவ்வளவு நுணுக்கமாகக் கண்ட அவர், பறவை எந்நிலத்தின் மேலாகப் பறந்தது, அந்நிலம் யாருடையது என்று கேட்கவில்லை. உருவம் பற்றிய கேள்வியும் உடைமை பற்றிய கேள்வியும் அவருக்கு வெவ்வேறு பக்கங்களுக்குரியவை. ஒன்று திரைப் பகுதிக்கு, மற்றது வணிகப் பகுதிக்கு.

இடதுசாரி நோக்குடைய பிற்கால விமர்சகர் சிலர் படத்தின் மூன்றாம் பாகத்தைச் சுட்டி விடைகூறுவர். அப்பாகத்தில் தென்னை மரத்தில் ஒருவர் ஏறுகின்றார். ஒலித்தடத்திலோ சந்தை விலைகளும் வணிகக் கடிதங்களின் வாசகங்களும் கப்பற் செய்திகளும் ஒன்றன்மேலொன்றாகக் கேட்கின்றன. கொழுந்து பறிக்கும் பெண்கள் வருகின்றனர். இலண்டன் சந்தையின் குரல் அவர்களை மேவி ஒலிக்கின்றது. ஓசைக்கும் உருவுக்கும் இடையிலான இம்முரண், பிரசாரப் படத்தின் உள்ளேயே அப்பிரசாரத்துக்கு எதிரான ஒரு குரலை எழுப்புகின்றது என்பது அவர்தம் வாதம். இவ்வாதத்தில் உண்மையுண்டு. தேயிலைப் பிரசார சபை கேட்டது இதுவன்று என்பது தெளிவு. ஆயின், முரண்பாடு எவ்விரண்டுக்கிடையே என்பதைக் கவனித்தல் வேண்டும். படம் எதிரெதிரே நிறுத்துவது பழைமையையும் வணிகத்தையும். உழைப்பையும் மூலதனத்தையும் அன்று. இரண்டாம் பாகத்துக் கிராமத்திலே நிலத்துக்குச் சொந்தக்காரன் இல்லை, குத்தகை இல்லை, சாதியின் பேரிலான ஊழியம் இல்லை, கடன் இல்லை. அது வணிகத்தின் கறை படாத ‘கன்னித்தீவு’. அவ்வாறாயின் வணிகம் வெளியிலிருந்து வந்த ஓசை மாத்திரமே. அவ்வோசை நின்றதும் நான்காம் பாகத்தில் ஒரு மனிதன் தனியே புத்தர் சிலைமுன் பூவும் உணவும் படைக்கின்றான், நடனம் தொடங்குகின்றது, இலைகளின் காட்சியோடு தொடங்கிய படம் இலைகளின் காட்சியோடு மூடிக்கொள்கின்றது. எழுப்பிய கேள்வியை விட்டுப் படம் ஒதுங்கிக்கொள்ளும் இடம் இதுவே. இசைவான இம்முடிவைத்தான் விமர்சகர் ‘கட்டுக்கோப்பு’ என்று போற்றினர்.

தென்னை மரத்திலிருந்து நாம் கரையோரத்துக்கு வருவோம். புத்தளம், குருநாகல், கம்பஹா மாவட்டங்கள் சேர்ந்த தென்னை முக்கோணத்தின் மேற்குப் பக்கம் இக்கடற்கரை. தேயிலையைப் போலன்றித் தென்னை பெரும்பாலும் உள்ளூர் உடைமையாளரின் கையில் வளர்ந்த பயிர். கொப்பராவினதும் எண்ணெயினதும் வழியே எழுந்த செல்வம் கொழும்பின் தேசிய முதலாளித்துவத்துக்கு, அதன் அரசியல் தலைமைக்கு, அதன் பௌத்த மறுமலர்ச்சிக்கு, கத்தோலிக்கத் திருச்சபையின் கட்டடங்களுக்கு எல்லாம் பொருள் வழங்கிற்று. எனவே மரமேறியின் தலைமேல் ஒலித்த குரல் இலண்டன் ஆங்கிலத்தில் மட்டுமே அமைந்திருந்தது என்பது வரலாற்றைப் பாதியாகச் சொல்வது. சிங்களத்திலும் தமிழிலும் விலை பேசிய குரல்களும் அங்கிருந்தன. அவை படத்தின் ஒலித்தடத்தில் இடம்பெற்றிருப்பின், தேசம் ஒருபுறமும் வணிகம் மறுபுறமும் என்ற பிரிவினை நிலைத்திருக்க முடியாது. கொழுந்து பறித்த பெண்களின் கதை வேறு. ‘இலங்கைக் கீத’த்தின் பெரும்பகுதி யாருடைய உழைப்பின் விளம்பரத்துக்காக எடுக்கப்பட்டதோ, அவர்கள் 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால் இலங்கையரே அல்லர் எனத் தள்ளப்பட்டனர்.

நொக்ஸின் நூலுக்கு மீள்வோம். படம் அந்நூலிலிருந்து கண்டி நாட்டின் காடுகளையும் வழிபாட்டையும் வழக்கங்களையும் பற்றிய பகுதிகளைத் தெரிந்தெடுத்தது. ஆனால் நூலின் உயிர்நாடி அவர் தப்பியோடிய கதை. 1679 இல் நொக்ஸும் அவரது தோழரும் வணிகர் வேடத்தில் வடக்கு நோக்கி நடந்து அநுராதபுரப் பகுதியை அடைந்தபோது, அங்கு வாழ்ந்தோர் ‘மலபார்’ மக்கள் என்றும், தாம் பேசிய சிங்களம் அவர்களுக்கு விளங்கவில்லை என்றும் எழுதியிருக்கின்றார். அக்காலத்து ஐரோப்பியர் தமிழரையே அப்பெயரால் வழங்கினர். அங்கிருந்து மல்வத்து ஓயாவின் கரைவழியே காட்டினூடு நடந்து, கடலோரத்து அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தனர். சிங்களத்தில் மல்வத்து ஓயாவாகப் புறப்படும் ஆறு கடலை நெருங்குகையில் தமிழில் அருவி ஆறாகின்றது. படத்துக்கு மூலமாய் அமைந்த நூலே இத்தீவின் வடமேற்கை இரு மொழிகளின் இணைவிடமாகக் கண்டு எழுதியிருக்க, படமோ நூலாசிரியரை மலைநாட்டிலேயே மீண்டும் சிறைவைத்துவிட்டது எனலாம். எழுத்தாளரான கிறீனுக்கு நூலைத் திறந்து பார்ப்பது கடினமன்று. அவரும் பார்க்கவில்லை, அவருக்குப் பின் வந்தோரும் நொக்ஸின் சொற்களைப் பழைமையின் மணம் வீசும் அலங்காரமாகவே கொண்டனர்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், இக்கரையோரத்தைச் சேர்ந்த மாணவர் சிலரோடு இப்படத்தைப் பார்க்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. மீன்பிடிப்போர் வரும் இடத்தில் உடப்பைச் சேர்ந்த ஒரு மாணவர் மெல்லக் கேட்டார்: “சேர், இவங்க எந்த பாஷையில பேசுறாங்க?” கேள்வி எளிமையானது. படத்து மக்கள் பெரும்பாலும் பேசுவதில்லை. அவர்கள் நடக்கின்றனர், குனிகின்றனர், வணங்குகின்றனர், பேச்சு நொக்ஸினுடையது. அம்மாணவருக்குக் கடற்றொழில் என்பது முதலிலே ஓர் ஓசை. உடப்பிலே கரைவலை இழுக்கும்போது பாடப்படும் அம்பாப் பாடல்கள் இழுவையின் தாளத்தைக் கட்டுப்படுத்துவன. எப்போது இறுக்குவது, எப்போது விடுவது என்பதைச் சொல்வன. சம்மாட்டியைக் குத்திப் பேசும் அடிகளும் அவற்றிடையே வருவதுண்டு. ஒலியை இலண்டனில் சேர்க்கும் ஒரு தயாரிப்பு முறை, உழைப்பைக் காணலாம் கேட்க முடியாது என்ற நிலையைத் தொழினுட்பத்தாலேயே உண்டாக்கிவிடுகின்றது. தேசிய அடையாளம் பற்றிய விவாதங்களில் நாம் முகங்களையே எண்ணிக் கொண்டிருக்கின்றோம். யார் பேசுகின்றார், எந்த மொழியில், வேலையின் எந்தக் கணத்தில் என்று கேட்ட விமர்சகரை நாம் அதிகம் கண்டதில்லை.

உடப்பு மக்கள் தம்மை இராமேசுவரக் கரையிலிருந்து வந்தோர் வழியினர் என்று கூறுவர். ஊரின் நடுவே திரௌபதை அம்மன் கோயில். அதன் தீமிதிப்பு விழாவே ஆண்டின் மையம். தெற்கே சிலாபத்துக்கு அண்மையில் முன்னேசுவரம். 1578 இல் போர்த்துக்கீசர் இடித்த கோயில் மீண்டும் எழுந்து நிற்கின்றது. அதன் விழாவுக்குச் சிங்களப் பௌத்தர் பெருந்தொகையாக வருகின்றனர். கற்பிட்டிக் குடாநாட்டில் தலவில புனித அன்னம்மாள் திருத்தலம். அங்கு சிங்களத்திலும் தமிழிலும் திருப்பலி நிகழும். புத்தளம் நகரிலும் களப்பைச் சூழ்ந்த ஊர்களிலும் தமிழ் பேசும் முஸ்லிம்கள். உப்பளம், மீன்பிடி, தோட்டம், வணிகம் என அவர்தம் வாழ்வு பல கிளைப்பட்டது. புத்தளத்துக்கு அண்மையில் சிறாம்பியடியில், ஐரோப்பியர் படைச் சேவைக்கும் அடிமை ஊழியத்துக்கும் கொணர்ந்த ஆபிரிக்கரின் வழித்தோன்றல்கள். அன்றாடம் சிங்களம் பேசும் அவர்களிடம் போர்த்துக்கேயக் கிரியோல் மொழி ‘மஞ்ஞா’ப் பாடல்களில் எஞ்சியுள்ளது.

இவற்றைச் சொல்லிச் செல்லுகையில் நாமும் ஒரு பொறிக்குள் விழும் அபாயம் உண்டு. ‘பன்மைத்துவத்தின் அழகிய கரையோரம்’ என்று ஒரு தொலைக்காட்சிப் படத்துக்கு இப்பட்டியல் போதும். உண்மையில் அத்தகைய படங்கள் வந்தவண்ணமே உள்ளன. சிறாம்பியடிக்குப் படப்பிடிப்புக் குழுக்கள் வருகின்றன. பாடச் சொல்கின்றன, ஆடச் சொல்கின்றன. எந்தக் கூலி வேலைக்குச் செல்கிறீர்கள் என்று கேட்பது அருமை. எனவே பட்டியலை விட்டு இயக்கத்தைப் பார்த்தல் வேண்டும். சிலாபத்தை அண்டிய கத்தோலிக்க மீனவ ஊர்கள் பலவற்றில் கடந்த நூற்றாண்டின் போக்கில் நிகழ்ந்த மொழிமாற்றம் இவ்வியக்கத்துக்குச் சிறந்த சான்று. தமிழில் செபம் சொன்ன பாட்டிமாரின் பேரர் இன்று சிங்களவர். படையெடுப்போ பெருங்குடியேற்றமோ இதற்குக் காரணமன்று. பாடசாலையின் போதனாமொழி தமிழிலிருந்து சிங்களத்துக்கு மாறிற்று. திருச்சபை தன்னைத் தேசிய நீரோட்டத்தோடு இணைத்துக்கொள்ள முயன்றது. 1956 ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டத்தின் பின் அரச உத்தியோகமும் உள்ளூராட்சித் தொடர்புகளும் ஒரே மொழியில் திரண்டன. மீன் சென்றடையும் சந்தையின் மொழி ஏற்கெனவே சிங்களம். இவையாவும் சேர்ந்து இரண்டு மூன்று தலைமுறையில் ஓர் ‘இனத்தை’ மாற்றின. தொழில் அதுவே, கடல் அதுவே, தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கிழக்குக் கரைக்குப் பெயர்ந்து வாடியடித்துத் தொழில் செய்யும் வழக்கமும் அதுவே. அவ்வாறு கிழக்கே சென்றபோது, தாம் தமிழரிடையே சிங்களவராகக் கருதப்படுவதை அவர்கள் கண்டனர். தேசிய அடையாளம் இரத்தத்தில் ஓடுவது என்று நம்புவோர் இக்கரையில் ஒரு வாரம் தங்கிப் பார்த்தல் நன்று.

‘இலங்கைக் கீதம்’ வெளிவருவதற்குச் சரியாக நூறாண்டுகளுக்கு முன், 1834 இல், கற்பிட்டியிற் பிறந்த ஒருவர் இத்தீவின் உருவத்தை வேறொரு முறையில் எழுதினார். அவர் சைமன் காசிச்செட்டி (1807-1860). அவரது ‘சிலோன் கசற்றியர்’ ஊர்களையும் ஆறுகளையும் மக்கட் பிரிவுகளையும் அகரவரிசையிலே தந்தது. 1859 இல் வெளியான ‘தமிழ் புளூராக்’ தமிழ்ப் புலவர் வரலாற்றை முதன்முதல் ஆங்கிலத்தில் தொகுத்தது. தமிழரின் சாதிகள், வழக்கங்கள், இலக்கியம் ஆகியவை பற்றிய அவரது நூல் கொழும்பிலே நூலுருவம் பெற்றதும், பொருத்தமாகவோ முரணாகவோ, 1934 இலேயே. காசிச்செட்டியை நாம் இலட்சியப்படுத்தவில்லை. அவர் காலனித்துவ நிருவாகத்தின் ஊழியர், நீதிபதி, மக்களைச் சாதிவாரியாக வகுத்தெழுதியது ஆட்சியாளருக்கு உதவியது. ஆயினும் அகரவரிசைக்கு ஒரு சனநாயகப் பண்பு உண்டு. அங்கு கற்பிட்டியும் கண்டியும் தத்தம் எழுத்தின் இடத்திலேயே நிற்கின்றன. ஒன்று மையமாகவும் மற்றது ஓரமாகவும் அமைவதில்லை. கீதத்தின் அமைப்போ அவ்வாறன்று. அதற்குத் தொடக்கமும் உச்சமும் முடிவும் வேண்டும். உச்சத்துக்கு ஒரு மலை வேண்டும். றைற் சிவனொளிபாத மலையைத் தெரிந்ததும், அதே மலைக்குச் சைவரும் முஸ்லிம்களும் கத்தோலிக்கரும் தத்தம் பெயரிட்டு ஏறுவதைப் பின்தள்ளி அதனை முதற்பாகத்தின் தலைப்புக்குள் அடக்கியதும் இவ்வமைப்பின் விளைவுகளே.

கிறீனின் மதிப்புரை வெளியான காலத்தையும் இங்கே நினைவுகூர்தல் தகும். 1934 இன் இறுதியில் தொடங்கி 1935 வரை நீடித்த மலேரியாக் கொள்ளைநோய் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டது. மழை பொய்த்து மகா ஓயா, தெதுறு ஓயா முதலிய ஆறுகள் குட்டைகளாய்த் தேங்கிய வடிநிலங்களிலேயே நோய் பெருகிற்று. தெதுறு ஓயா கடலில் விழுவது சிலாபத்தின் அருகே. கேகாலையிலும் குருநாகலிலும் இப்பக்கத்திலும் பட்டினியும் நோயும் சேர்ந்து மக்களை வாரிச் சென்றபோது, நிவாரணப் பணியில் இறங்கிய சூரியமல் இயக்கத்து இளைஞரே 1935 டிசெம்பரில் லங்கா சமசமாஜக் கட்சியைத் தோற்றுவித்தோரில் முக்கியமானவர்கள். நோய் படப்பிடிப்புக்குப் பின்னர் வந்தது. ஆதலின் அதனைக் காட்டவில்லை என்று றைற்றைக் குறைகூறுதல் நேர்மையாகாது. ஆனால் இலண்டனின் விமர்சகர் அத்தீவைக் காலங்கடந்த அமைதியின் உருவமாகத் தம் வாசகருக்கு எடுத்துக்காட்டிய ஆண்டு அது.

நாட்டுக்குள்ளே படம் பெற்ற வாழ்வு இன்னும் கவனத்துக்குரியது. 1948 இல் நிறுவப்பட்ட அரசாங்கத் திரைப்படப் பிரிவு, வெளிநாட்டு நெறியாளரின் கீழ் விவரணப் பட மரபைத் தொடர்ந்தது. அதிலிருந்து வெளியேறிய லெஸ்ரர் ஜேம்ஸ் பீரிஸ் 1956 இல் ‘ரேகாவ’வை எடுத்தார். தென்னிந்திய ஸ்ரூடியோப் பாணியிலிருந்து சிங்களத் திரைப்படத்தை மீட்ட அப்படத்தின் பெறுமதி ஐயத்துக்கு அப்பாற்பட்டது. ஆயினும் கிராமமே தேசத்தின் மெய்யான முகம் என்னும் எண்ணம், றைற்றிடமிருந்தும் வென்றின் ஒளிப்படங்களிலிருந்தும், 1956 இன் அரசியலோடு சேர்ந்து, கலைப்படத்தின் இயல்பான நிலைப்பாடாகிவிட்டது. 1982 பெப்ரவரியில் ஜப்பானிய உதவியுடன் ரூபவாகினி தொடங்கியபோது இப்படிமங்கள் வீட்டுக்குள் வந்தன: குளம், தூபி, வயல், பெரஹர, தேயிலைச் சரிவு. ஒரு காலத்தில் ஏகாதிபத்தியச் சந்தைக்காக வார்க்கப்பட்ட அச்சு, இப்போது தேசிய அரசின் அன்றாட முத்திரையாயிற்று. அவுஸ்திரேலியாவில் வாழ்ந்த இலங்கையரான லலீன் ஜயமான்ன 1985 இல் ‘ஏ சோங் ஒவ் சிலோன்’ என்று வேண்டுமென்றே பெயரிட்டு எடுத்த படம் இவ்வச்சை உடைக்க முயன்ற ஓர் அரிய செயல். பேயாட்டம் கொண்ட பெண்ணொருத்தியைப் பற்றிய மானிடவியற் பதிவை ஆதாரமாகக் கொண்ட அப்படத்தில் நிலக்காட்சி கிடையாது; உடல்களும் குரல்களுமே உண்டு. நம் பத்திரிகைகளின் தொலைக்காட்சிப் பத்திகளில் அப்படத்தைப் பற்றிய பேச்சை நாம் கண்டதில்லை. அப்பத்திகள் பெரும்பாலும் ஒளிப்பதிவு நன்று, இசை நன்று, நேரம் சற்றே நீளம் என்ற அளவில் நின்றுவிடுவன. கிறீனின் கூர்மையின்றி அவரது வரையறையை மட்டும் பெற்றுக் கொண்டவை அவை.

இதுவரை கூறியவற்றைக் கேட்கும் தமிழ் வாசகர், ‘ஆம், நம்மை விட்டுவிட்டனர்’ என்று எளிதில் தலையசைப்பர். நமது தயக்கம் இங்கேதான். விடுபட்ட முகத்தைச் சேர்க்க வேண்டும் என்ற கோரிக்கை, கீதத்தின் அமைப்பை ஏற்றுக்கொண்டு அதில் ஒரு பாகம் கேட்பதாகும். நம்மிடமும் ஒரு கீதம் இருந்தது. 1954 இல் அமைந்த இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கமும், 1959 முதல் 1961 வரை தினகரன் ஆசிரியராயிருந்த க. கைலாசபதியும் முன்னெடுத்த தேசிய இலக்கியக் கோட்பாடு, தென்னிந்திய வணிக எழுத்தின் பிடியிலிருந்து ஈழத்து இலக்கியத்தை விடுவித்த வரலாற்றுப் பணியை ஆற்றியது. நாம் அதன் வாரிசுகளே. எனினும் மண்வாசனை என்ற பெயரில் யாழ்ப்பாணமும் மட்டக்களப்பும் மலையகமும் இலக்கிய வரைபடத்தில் ஏறிய அளவுக்கு இக்கரை ஏறவில்லை. சிங்களம் பேசத் தொடங்கிய தமிழ்க் கத்தோலிக்கரை ‘இழந்த’ கணக்கில் எழுதினோம். அவர்களுடைய வர்க்க வாழ்வை எழுதவில்லை. புத்தளத்து முஸ்லிம்களின் தமிழை அரபுத் தமிழ் ஆராய்ச்சியோடு நிறுத்திக் கொண்டோம்.

தமிழ்த் தேசியத்தின் கீதம் இதனினும் கொடிதான முடிவுக்குச் சென்றது. 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேரை வெளியேற்றினர். யாழ்ப்பாண நகரத்தோருக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டே மணித்தியாலங்கள். அவர்களிற் பெரும்பான்மையோர் வந்து சேர்ந்த இடம் இப்புத்தளக் கரையோரமே. கற்பிட்டிக்குச் செல்லும் வீதியின் இருமருங்கும் தென்னோலைக் கொட்டில்கள் எழுந்தன. வெங்காயத் தோட்டங்களிலும் உப்பளங்களிலும் இறாற் பண்ணைகளிலும் அவர்களது உழைப்பு மலிவாய்க் கிடைத்தது. ஏற்கெனவே வறியவராயிருந்த உள்ளூர்த் தொழிலாளர்க்கும் வந்தோர்க்கும் இடையே கூலியிலும் நீரிலும் பாடசாலை இடங்களிலும் போட்டி மூண்டது. ஒரே மதம், ஒரே மொழி. ஆயினும் ‘அகதி’ என்ற சொல் இருபதாண்டுகள் கடந்தும் நீங்கவில்லை. இவர்களைப் பற்றி எடுக்கப்பட்ட விவரணப் படங்களை மதிப்பிட்ட தமிழ் விமர்சகருள் பலர், துயரத்தை ஒப்புக்கொண்டு உடனே வேறொரு துயரத்தோடு அதனை நிறுத்துப் பார்த்தனர். 2017 இல் ஜூட் ரட்ணம் எடுத்த ‘டீமன்ஸ் இன் பரடைஸ்’ என்னும் படம் இயக்கங்களின் உள்வன்முறையைத் தமிழர் ஒருவரின் குரலிலேயே பேசியபோது, யாழ்ப்பாணத்துத் திரைப்பட விழாவிலிருந்து அது விலக்கப்பட்டதை நாம் மறந்துவிடலாகாது. அப்படத்தின் அரசியலோடு நமக்கும் உடன்பாடின்மை உண்டு. ஆனால் பார்க்கவிடாமற் செய்துவிட்டு எழுதப்படும் விமர்சனம் எதனை விமர்சிக்கின்றது?

இடம்பெயர்ந்த வடபகுதி முஸ்லிம்கள் பலர் புத்தளத்தில் வாழ்ந்துகொண்டே மன்னார் மாவட்ட வாக்காளராகப் பதிவுபெற்றிருந்தனர். 2019 நவெம்பர் 16 ஆம் நாள் சனாதிபதித் தேர்தலில் வாக்களிக்க அவர்களை ஏற்றிக்கொண்டு புத்தளத்திலிருந்து மன்னாருக்குச் சென்ற பேருந்துத் தொடர், தந்திரிமலைப் பகுதியில் மறிக்கப்பட்டுக் கல்லெறிக்கும் துப்பாக்கிச் சூட்டுக்கும் உள்ளாயிற்று. உயிரிழப்பு இல்லை, பேருந்துகள் மன்னாரை அடைந்தன, வாக்குகள் அளிக்கப்பட்டன. அன்றைய தொலைக்காட்சிச் செய்திகளில் அது சில விநாடிக் காட்சியாக வந்துபோயிற்று. தந்திரிமலை மல்வத்து ஓயாவின் கரையில் உள்ளது. 1679 இல் நொக்ஸ் அரிப்பை நோக்கி நடந்தது அந்த ஆற்றோரமாகவே.